பெயர்ப்பலகைக்காக ஒரு மெமோ

எங்கள் வேங்கிக்கால் கிராமத்தைத் திருவண்ணாமலை டவுனோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட ஆரம்பித்ததிலிருந்து என் நிம்மதி போய்விட்டது. காலையில் பால் வாங்கப் போனால் ஒருவர் பிடித்துக்கொள்கிறார். சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்தால் இன்னொருவர். "நீங்க அந்த டிபார்ட்மென்ட்லதானே சார் இருந்தீங்க, வீட்டு வரி ஏறுமா? தண்ணி தினம் வருமா? மனை வெல ஜாஸ்தி ஆவுமா?" எல்லாம் நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் ஊர் கிராமம் என்கிற பெயரை விட்டு டவுன் என்கிற பெயருக்கு மாறும் அந்த நேரத்தில், பாதி கட்டின வீட்டோடு நிற்கிறவள் கதி என்ன என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்கள் வீடெல்லாம் மாடியோடு இருக்கிறது.

நான் கேட்டிருக்கிறேன். கேட்டதன் பலனாக மெமோவும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு 'கிழவனுக்குக் கோபம் அடங்கவில்லை' என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். அப்போது வேலூரில் இளநிலை உதவியாளராக இருந்தேன். ஃபைல்களை லாரியில் ஏற்றி, மேலே தார்ப்பாய் கட்டி, அதோடு என்னையும் அனுப்பிவைத்தார்கள். இங்கே வந்து பார்த்தால் ஃபைல் வைக்க அலமாரி இல்லை, உட்கார நாற்காலி இல்லை. தரையில் ஊர் ஊராகப் பிரித்து அடுக்கி, நடுவில் பாய் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தோம். தொழில் கற்றுக்கொண்டது அந்தத் தரையில்தான். எது கிராம ஊராட்சி, எது பேரூராட்சி, எது நகராட்சி, நகராட்சியிலேயே எத்தனை தரம் என்பதெல்லாம் இரண்டு வருஷத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஓர் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஊராட்சிக்கு வருஷ வருமானம் என்ன, எத்தனை பேர் விவசாயம் இல்லாத வேறு பிழைப்பில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இது மூன்றும் ஓரளவுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் டவுன். நான்கு பக்கத்து எல்லையை எழுத வேண்டும், வடக்கே ஏரி, கிழக்கே ஓடை என்று. மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும். ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவார்கள்? ஆபீஸ் சுவரில். ஆபீஸ் பக்கமே வராதவன் எப்படிப் படிப்பான் என்று நான் ஒரு தரம் கேட்டதற்கு, "ஒட்டணும்னுதான் ரூல், படிக்கணும்னு ரூல் இல்ல" என்று பதில் வந்தது.

பிழைப்பைக் கணக்கெடுத்த கூத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ஊரில் வீடு வீடாகப் போனேன். ஒருவர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார், அதை அவரே வறுத்துப் பஸ் ஸ்டாண்டில் விற்கிறார். விவசாயி என்று எழுதுவதா, வியாபாரி என்று எழுதுவதா? மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"காலைல போனியா, சாயங்காலம் போனியா?" என்றார் அவர்.

"காலைல சார்."

"அதான் விவசாயின்னு சொல்லிட்டான். சாயங்காலம் போய்க் கேளு, வியாபாரி ஆயிடுவான். நமக்கு வியாபாரிதான் கம்மியா இருக்குது."

இப்படித்தான் ஐயா ஊர்கள் டவுன் ஆயின. நகராட்சிக்குத் தரம் ஏறினால் அதிகாரிக்குப் பதவி ஏறும், வண்டி வரும், ஜன்னலுக்குத் திரை வரும். தெருக்குழாய்க்கு மட்டும் தரம் ஏறாது.

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது செங்கரைப்பட்டு கதை. டவுனிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கும் சின்னப் பேரூராட்சி. ஒரு பஜார், ஓர் ஏரி, ஏரிக்கரையில் குடிசைத் தெரு. அங்கே என்னைத் தலைமை எழுத்தராகப் போட்டார்கள். எனக்கு மேல் செயல் அலுவலர். ஈ.ஓ. என்றுதான் ஊரே சொல்லும், நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கை நீட்டிக் காசு வாங்கினதில்லை, குரல் உயர்த்தினதில்லை. வந்ததும் மேஜைக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைப்பார். கண்ணாடிக்கு அடியில் ஒரு பக்கம் அண்ணாமலையார் படம், மறு பக்கம் முக்கியமான உத்தரவுக் கடிதங்கள். பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றி வலது பக்கம் நிற்கவைப்பார். மனுவோடு வருகிறவர் பேச ஆரம்பித்தால் இடது கையைத் தூக்கி நிறுத்துவார். மனுவை முழுதும் படிப்பார். படித்து முடித்ததும் பேனாவை மூடுவார். மூடி 'டக்' என்று விழுந்தால் காரியம் ஆகாது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு இரண்டு கையையும் விரித்து, "நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஆர்டர்படிதான்" என்பார். அத்தனை சாந்தமாகச் சொல்வார். வந்தவர்கள் அவருக்கே கும்பிடு போட்டுவிட்டு வெறுங்கையோடு போவார்கள். திட்டி அனுப்பியிருந்தாலாவது வெளியே போய்ச் சண்டை போட்டிருப்பார்கள்.

2004இல் ஓர் உத்தரவு வந்தது. மாநிலத்துப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை இனிமேல் பேரூராட்சி இல்லை, 'சிறப்பு கிராம ஊராட்சி' என்று. கிராமங்களுக்கு வரும் மத்திய நிதி டவுன் என்று பெயர் இருப்பதால் கிடைக்காமல் போகிறது, பெயரை மாற்றினால் கிடைக்கும் என்பது காரணம். நேற்றுவரை டவுனாக இருந்த செங்கரைப்பட்டு மறுநாள் கிராமம். ஏரி அதே இடத்தில், பஜார் அதே இடத்தில். தகரத்தில் இரும்புச் சட்டம் அடித்து, ஆபீஸ் முகப்பு நீளத்துக்கு 'செங்கரைப்பட்டு சிறப்பு கிராம ஊராட்சி அலுவலகம்' என்று மஞ்சள் எழுத்தில் புதுப் பலகை மாட்டினோம்.

ஈ.ஓ.வுக்கு முகம் செத்துவிட்டது. "டிகிரி முடிச்சிட்டு கடைசியில பஞ்சாயத்து கிளார்க்கா ஆயிட்டேனே" என்று என்னிடம் புலம்பினார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கிராமம் என்று ஆனதால் ஏரிக்கரைத் தெருவுக்கு அரசாங்கத் தொகுப்பு வீடு வரும் என்று தெரிந்தது. அந்த மட்டும் சந்தோஷம்.

வந்தது. கொஞ்சம் தாமதமாக, 2006 கோடையில். பயனாளிகளில் ஒருத்தி அஞ்சலை. புருஷன் செங்கல் சூளையில் வேலை. அவள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மல்லாட்டை அவித்து விற்பாள். இரண்டு பெண் பிள்ளைகள். வீடு கிடைத்ததும் எல்லாரும் கேட்பது, "எப்ப சார் பணம் வரும்?" அவள் கேட்டது வேறு. "குடிசையப் பிரிச்சிடலாமா சார்? பிரிச்சப்புறம் இல்லன்னு சொல்லிட மாட்டாங்களே?"

"சொல்ல மாட்டாங்கம்மா. தைரியமா பிரி" என்றேன். வேறு மனை கிடையாது அவளுக்கு. குடிசை இருந்த இடத்தில்தான் வீடு. பிரித்தார்கள். எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கம் சாமான், ஒரு பக்கம் அவர்கள், நடுவில் மாடு.

வேலை நடக்கும் முறை இதுதான். அடித்தளத்தைச் சொந்தச் செலவில் எழுப்ப வேண்டும். பிறகு ஒன்றிய அலுவலகத்துக் குடோனிலிருந்து கதவோடு சேர்த்து இரும்பு வாசக்கால் கொடுப்பார்கள். வாசக்கால் நிறுத்தி, ஓவர்சீயர் வந்து பார்த்துவிட்டால்தான் சிமெண்டும் கம்பியும் வரும். தெருவில் பாதிப் பேருக்கு வாசக்கால் ஆனி மாதமே கிடைத்துவிட்டது. குடோனில் இருப்பு தீர்ந்து, அஞ்சலைக்கும் மீதிப் பேருக்கும் அடுத்த லோடு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. இது யார் தப்பு? குடோன் காலியாக இருந்தது அவள் தப்பா?

நம் பக்கத்தில் ஆடியில் யார் வாசக்கால் வைப்பார்கள்? மேஸ்திரி கையால் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். மீதிப் பேர் எப்படியோ வெளியூர் மேஸ்திரியைப் பிடித்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி நிறுத்திவிட்டார்கள். அஞ்சலை என்னிடம் வந்து சொன்னாள்.

"ரெண்டு பொட்டப் புள்ளைங்க வாழப் போற வூடு சார். ஒரு மாசந்தானே. ஆவணி மொத முகூர்த்தத்துல வச்சிக்கிறேன். அதுவரைக்கும் கதவு குடோன்லயே கெடக்கட்டும்."

ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆட்சி மாறியிருந்தது. செங்கரைப்பட்டு மறுபடியும் பேரூராட்சி என்று உத்தரவு வந்துவிட்டது. ஆடி பிறக்கிற சமயம். ஈ.ஓ. முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. ஆபீஸுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். உத்தரவைப் படித்துப் பார்த்தேன். கிராமத் திட்டங்களில் தொடங்கிய வேலைகள் முடிக்கப்படும் என்று போட்டிருந்தது. அஞ்சலை குடிசையைப் பிரித்தாயிற்று, அடித்தளம் எழுந்தாயிற்று, தொடங்கிய வேலைதான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பெயிண்டர் பேரூராட்சிக்குப் புதுப் பலகை எழுதிக்கொண்டு வந்தார். மாட்டிவிடலாமா என்று கேட்டேன். ஈ.ஓ. இடது கையைத் தூக்கினார்.

"ஆடி மாசம் சார். ஊருக்கே பேர் மாத்துறோம், ஆடியில செய்யலாமா? ஆவணி மொத முகூர்த்தம் பாத்து வச்சிக்கலாம். மன்றத் தலைவரும் அதான் சொல்றாரு."

பலகையைச் செய்தித்தாளில் சுற்றி, அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்த்துவைத்தோம். ஆடி முழுக்க வெளியே கிராமப் பலகை தொங்கியது, உள்ளே டவுன் பலகை காத்திருந்தது. மறந்துவிடாதீர்கள், இது முக்கியம்.

ஆவணி முதல் முகூர்த்தம். வாசலில் வாழைமரம், நாதஸ்வரம், ஷாமியானா. ஈ.ஓ. பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். பழைய பலகையை இறக்கி, புதியதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி ஏற்றினார்கள். எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள். மஞ்சள் பூசின முகம், தலையில் பூ. இடுப்பில் சின்னப் பெண். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"குடோன்ல கதவு இல்லன்றாங்க சார். உங்க ஊரு டவுனாயிடுச்சி, போ அப்பிடின்றாங்க. மேஸ்திரி அங்க வாசல்ல குந்தினு இருக்காரு. பூஜை சாமானெல்லாம் வச்சிட்டு வந்திருக்கேன்."

அவளுக்கும் அதே முகூர்த்தம். இதை ஏன் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை என்று ஈ.ஓ.வைப் பார்த்தேன். அவர் நிதானமாக உள்ளே போய், மேஜைக் கண்ணாடியைத் தூக்கி, அண்ணாமலையார் படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வாசக்கால் நிறுத்தின வீடுதான் 'தொடங்கிய வேலை', நிறுத்தாதது எல்லாம் ரத்து என்று விளக்கக் கடிதம். ஆடிக் கடைசியிலேயே வந்திருக்கிறது.

"விசேஷம் முடியட்டும்னு வச்சிருந்தேன்" என்றார்.

ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் ஆடி என்ன, அமாவாசை என்ன, நானே போய் அந்த வாசக்காலை நிறுத்தியிருப்பேன்.

அஞ்சலையிடம் அவர் எப்போதும் போல இரண்டு கையையும் விரித்தார். "நம்ம கையில ஒண்ணும் இல்லம்மா. ஆடியிலயே கதவ வாங்கி வச்சிருந்தா வீடு கெடச்சிருக்கும். நல்ல நாள் பாத்துக்கினு இருந்தா கவர்மெண்ட் ஆர்டர் நிக்குமா?"

அவள் அழவில்லை. வாசலில் புதுப் பலகையையும் அதன் மேல் இன்னும் காயாத சந்தனத்தையும் பார்த்தாள்.

"இந்தப் பலகையும் ஆவணிக்குத்தானே சார் ஏத்தினீங்க?" என்றாள்.

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார். ஈ.ஓ. கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "பலகை வேறம்மா, ஆர்டர் வேற" என்றார்.

நான் விடவில்லை. விடுபட்ட வீட்டைச் சேர்க்கச் சொல்லிக் கருத்துரு எழுதி எடுத்துக்கொண்டு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தேன். கிராம வளர்ச்சிப் பக்கத்து ஆபீஸில், "செங்கரைப்பட்டு இப்ப டவுன் சார், எங்ககிட்ட இல்ல" என்றார்கள். பேரூராட்சிப் பக்கத்து ஆபீஸில், "அது கிராமத் திட்டத்து வீடு சார், எங்களுக்குச் சம்பந்தம் இல்ல" என்றார்கள். டவுன் திட்டத்தில் சேருங்கள் என்றால், "அதுக்கு இனிமேதான் சர்வே வரும்." இரண்டு ஆபீஸும் ஒரே காம்பவுண்டு. நடுவில் இருப்பது ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. அந்த சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு மனுஷன் வந்து இன்னொரு மனுஷனோடு பேசியிருந்தால் அந்த வீடு எழுந்திருக்கும். கார்த்திகை நெருங்க நெருங்க, "தீபம் முடியட்டும் சார், எல்லாரும் பந்தோபஸ்து டூட்டில இருக்கோம்" என்றார்கள். தீபம் பார்க்க வரும் லட்சம் பேருக்குத் தண்ணீரும் கழிவறையும் ஏற்பாடு செய்யத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஒரு வாசக்காலை நகர்த்தத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் நான் சொன்ன சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இதற்கு நடுவில் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் மாடு கன்று போட்டதால் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அஞ்சலையும் புருஷனும் அடித்தளத்தின் மேலேயே செங்கல்லை மண் வைத்து இடுப்புயரம் அடுக்கி, கீற்று போட்டுக் குடிபுகுந்தார்கள். கீற்று பத்தவில்லை. ஒரு மூலை திறந்து கிடந்தது.

அந்த மழையில் நனைந்துகொண்டு ஆபீஸுக்கு வந்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கம் குப்பை வண்டி நிறுத்தும் ஷெட்டைக் காட்டினாள். இறக்கின பழைய பலகை அங்கே சாய்ந்திருந்தது.

"அந்தத் தகரம் சும்மாத்தானே சார் கெடக்குது. புள்ளைங்க படுக்கிற மூலைக்காவது ஆவும். குடுக்கச் சொல்லுங்க."

உள்ளே போய் ஈ.ஓ.விடம் சொன்னேன். பேனா மூடி 'டக்' என்று விழுந்தது. "அரசுச் சொத்து சார். தளவாடப் பதிவுல இருக்குது. கழிவுன்னு தீர்மானம் போட்டு, ஏலம் விட்டுத்தான் குடுக்க முடியும். நம்ம கையில…"

கையை விரிக்கும்வரை நான் நிற்கவில்லை. குப்பை வண்டி ஓட்டும் தங்கவேலுவைக் கூப்பிட்டேன். "எடுத்துப் போட்டு ஏரிக்கரைத் தெருவுல எறக்கிட்டு வாப்பா. யாராவது கேட்டா என் பேரச் சொல்லு" என்றேன். தங்கவேலு கயிறு எடுக்கப் போனார்.

அடுத்த வாரம் மெமோ வந்தது, பச்சை மையில். மேற்படி அலுவலகத்துக்குச் சொந்தமான பெயர்ப்பலகை காணாமல் போனது குறித்துத் தலைமை எழுத்தர் விளக்கம் அளிக்க வேண்டும் என்று. என் பணிக்காலம் முழுக்க நான் வாங்கின ஒரே மெமோ அது. வீட்டில் மனைவி பயந்துபோனாள். "மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. ரிட்டயர்டு ஆவற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றாள். எழுத உட்கார்ந்தேன். மன்னிப்பு என்கிற சொல் வரவில்லை. வேறு வந்தது.

"மேற்படி பலகை காணாமல் போகவில்லை. ஏரிக்கரைத் தெருவில் திருமதி அஞ்சலை என்பவரின் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குக் கூரையாக இருந்துவருகிறது. சிறப்பு கிராம ஊராட்சி என்ற பெயரால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். அலுவலகத்துக்குத் திரும்பத் தேவைப்பட்டால் செயல் அலுவலர் அவர்கள் நேரில் சென்று கழற்றி எடுத்துக்கொள்ளலாம். மழை நாளாகப் பார்த்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஈ.ஓ. முழுதும் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். இந்தத் தரம் பேனாவை மூடவில்லை. "ஃபைல உள்ள வச்சிடுங்க சார்" என்றார். பலகையை எடுக்க யாரும் போகவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு தரம் அந்தத் தெருவுக்குப் போனேன். பலகையை எழுத்து உள்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் மஞ்சள் எழுத்து தெரியும். சின்னப் பெண் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான் என்று அஞ்சலை சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. டவுன் திட்டத்துக்கு சர்வே வந்ததா என்று கேட்டேன். "வருவாங்க சார்" என்றாள்.

இப்போது வேங்கிக்கால் முறை. வரி ஏறுமா, மனை விலை ஏறுமா என்று கேட்கிறவர்களிடம் நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன். "உங்க தெருவுல யாராச்சும் அரசாங்க வீட்டுக்குக் குடிசையப் பிரிச்சிருக்காங்களா?" என்று. இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், "ஓடிப் போய்ச் சொல்லுங்க, ஆடியோ மார்கழியோ, இன்னிக்கே வாசக்கால நிறுத்தச் சொல்லுங்க. நல்ல நாள் பாக்குற வசதி ஆபீஸுக்கு மட்டுந்தான்" என்கிறேன்.